இரண்டாம் நம்பர் வண்டி ஏன் நின்றது

1. பத்தரை மணிக்கு

காலை பத்தரை மணி. கடலோரப் புல்வெளியின் நட்டநடுவில் இரண்டாம் நம்பர் வண்டி நின்றுவிட்டது. அந்த மாதத்தில் அது மூன்றாவது முறை. சாயங்காலம் அதே இடத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. பந்தல்காரர்கள் கம்புகளை இறக்கிவைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். பாதிச் சவரத்தில் எழுந்து வந்த ஆள் மாதிரி இருந்தது புல்வெளி.

ஜெனரேட்டர் அறையிலிருந்து ஓடினேன். வண்டி ஓட்டும் செல்வி கீழே இறங்கி, தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னா செல்வி, மறுபடியுமா?"

"ஆமாண்ணா. நல்லா ஓடிகினுதான் இருந்துது. ஊன்னு ஒரு சத்தம் வந்துச்சு. அப்பால மூச்ச வுட்டுடுச்சு."

"பெட்ரோல் கீதா?"

"நீயே தொறந்து பாரு."

டேங்கைத் திறந்து பார்த்தேன். முக்கால் அளவுக்கு இருந்தது. ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினேன், ஒயர்களை அசைத்துப் பார்த்தேன், வாய்க்கு வந்ததைத் திட்டினேன். கால் மணி நேரம் கழித்து சாவியைத் திருப்பியதும், ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆனது. செல்வி மிச்சப் புல்லை வெட்டி முடித்தார். வரவேற்பும் நடந்தது. ஆனால் மேனேஜர் மேலே பால்கனியில் நின்று முழுவதையும் பார்த்துவிட்டார்.

மாமல்லபுரத்துக்கு வடக்கே கடற்கரையை ஒட்டிய பெரிய ரிசார்ட் ஒன்றில் நான் பத்தொன்பது வருடம் மெக்கானிக்காக இருந்தேன். பெயர் மூர்த்தி, ஊர் திருக்கழுக்குன்றம். அதற்கு முன்னால் சதுரங்கப்பட்டினத்தில் படகு இன்ஜின்களைப் பிரித்து மாட்டிக்கொண்டிருந்தேன். போன வருடம் ஓய்வு பெற்றேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும்; இன்ஜின் மேல் வரும் கோபத்தை மனிதர்கள் மேல் காட்டுவேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் படிக்கட்டும் என்று எழுதுகிறேன். என் சாமர்த்தியத்தை எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் சொல்லியே ஆக வேண்டியது இந்த இரண்டாம் நம்பர் வண்டியின் கதை.

2. பெட்ரோல் உள்ளே போகும் விதம்

ரிசார்ட்டில் உட்கார்ந்து ஓட்டும் புல் வெட்டும் வண்டிகள் மூன்று இருந்தன. எல்லாமே பழைய கார்புரேட்டர் வண்டிகள். கடற்காற்றில் தகடெல்லாம் பொத்துப்போய், பாடாய்ப் படுத்தின. இனிமேல் இஞ்செக்‌ஷன் வண்டிதான் என்று மேனேஜர் பிரதீப் சார் முடிவெடுத்தார். அதிலும் இரண்டு விதம் இருப்பதால், சென்னை டீலரிடம் சொல்லி விதத்துக்கு ஒன்றாக இரண்டு வண்டிகளை ஒன்றரை மாத சோதனைக்கு வரவழைத்தார்.

"மூர்த்தி, ரெண்டையும் ஓட்டிப் பாத்து கம்பேர் பண்ணி ஒரு ரிப்போர்ட் குடுங்க. எது நம்ம கடற்கரைக்குத் தாங்குதோ அதுல நாலு வாங்கிடலாம்" என்றார்.

இரண்டும் ஒரே சைஸ், இரண்டும் இரட்டை சிலிண்டர் இன்ஜின். சாக்பீஸால் பானட்டில் ஒன்று, இரண்டு என்று நம்பர் போட்டேன்.

புதியவர்களுக்காக வித்தியாசத்தைச் சொல்லிவிடுகிறேன். கார்புரேட்டரில் பெட்ரோல் ஒரு சின்னக் கிண்ணத்தில் நிற்கும். இன்ஜின் காற்றை உறிஞ்சும்போது, கூடவே ஜெட் என்கிற பொடி ஓட்டை வழியாகப் பெட்ரோலும் போகும். கம்ப்யூட்டர் கிடையாது. பெட்ரோல் தானாகவே இறங்கிவரும். டேங்க் உயரம் பத்தாத வண்டியில் சின்ன பம்பு ஒன்று தள்ளிவிடும். அழுத்தம் என்று ஒன்றும் பெரிதாகத் தேவையில்லை. சின்ன ஸ்க்ரூ டிரைவர் ஒன்றும் பொறுமையும் இருந்தால் யாரும் சரி பண்ணலாம்.

இஞ்செக்‌ஷனில், கம்ப்யூட்டர் சொல்லும் அளவுக்கு இஞ்செக்டர் என்கிற சின்ன மூக்கு பெட்ரோலைப் பீய்ச்சும். ஒன்றாம் நம்பர் த்ராட்டில் பாடி இஞ்செக்‌ஷன். கார்புரேட்டர் இருந்த இடத்திலேயே, காற்று நுழையும் வாயில், ஒரே ஒரு இஞ்செக்டர். அது பீய்ச்சுவதை இரண்டு சிலிண்டரும் பங்கு போட்டுக்கொள்ளும். இரண்டாம் நம்பர் போர்ட் இஞ்செக்‌ஷன். சிலிண்டருக்கு ஒரு இஞ்செக்டர், வால்வுக்குப் பக்கத்திலேயே. முதலாவது, பாத்திரத்தை நடுவில் வைத்து எடுத்துக்கொள்ளச் சொல்வது. இரண்டாவது, பந்தியில் இலைக்கு இலை பரிமாறுவது. இலைக்கு இலை பரிமாறினால் வீணாவது குறைவு. புகை குறைவு, பெட்ரோலும் மிச்சம். ஆனால் சென்சார் அதிகம், அழுத்தமும் அதிகம்.

இரண்டு வண்டிக்கும் பொதுவானது எலக்ட்ரிக் பம்பு. கெட்டியான அழுத்தத்தில் பெட்ரோலைத் தள்ளுவது அதுதான். அந்த பம்புக்குள் ஆயில் கிடையாது. ஓடும் பெட்ரோலே அதற்கு மசகு, அதுவே அதற்குக் குளிர்ச்சி. இந்த ஒரு வரி வண்டியோடு வந்த புத்தகத்தில் இருந்தது. நானும் படித்தேன். படித்துவிட்டு அடுத்த பக்கம் புரட்டினேன்.

3. செல்வியும் தனசேகரும்

ஒன்றாம் நம்பரை தனசேகரிடம் கொடுத்தேன். படாளத்துக்காரர். சொந்த நிலத்தில் டிராக்டர் ஓட்டிப் பழகியவர். வேலையில் குறை சொல்ல முடியாது. பேச்சை நிறுத்தத்தான் முடியாது.

இரண்டாம் நம்பர் செல்விக்கு. தேவனேரி மீனவர் குப்பத்தைச் சேர்ந்தவர், வயது நாற்பதுக்கு மேல். ரிசார்ட்டில் முதலில் லாண்டரியில் இருந்தார். எட்டு மணி நேரம் ஆவியில் நின்றபடி வேலை. முழங்கால் வீங்கி, படி ஏற முடியாமல் போய்விட்டது. பழைய வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர் வேலையை விட்டதும் நேராக என்னிடம் வந்து, "அண்ணாத்த, அந்த வண்டிய எனுக்குக் கத்துக்குடு. உக்காந்து செய்யற வேல. இல்லாட்டி எங்காலு போயிடும்" என்றார். நாலு நாளில் கற்றுக்கொண்டார். அவர் வெட்டிய புல்வெளியில் கோடுகள் நூல் பிடித்த மாதிரி இருக்கும். வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு அது புல் வெட்டும் வண்டி. செல்விக்கு அந்த சீட்தான் பிழைப்பு.

பழைய வண்டிகளுக்கு என்று ஷெட்டில் நான் ஒரு போர்டு எழுதி மாட்டியிருந்தேன். தகரத்தில், சிவப்பு பெயிண்ட்டில்: வேலை முடிந்ததும் பெட்ரோல் காக்கை மூடவும். இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிடவும். கண்டிப்பு. மூர்த்தி.

காக் என்பது டேங்குக்குக் கீழே பெட்ரோலை அடைக்கும் திருகு. அதை மூடி ஓடவிடுவது எங்கள் கரையில் எல்லாருக்கும் தெரிந்த பழக்கம். படகு கரைக்கு வந்ததும் எரிபொருள் குழாயைப் பிடுங்கிவிட்டு, கார்புரேட்டர் கிண்ணம் காலியாகும் வரை இன்ஜினை ஓடவிடுவார்கள். இல்லாவிட்டால் ராத்திரி ஈரக்காற்றில் கிண்ணத்துக்குள் பெட்ரோல் தண்ணீர் கோத்து, பச்சையாகப் பாசி பிடித்து, ஜெட் அடைத்துக்கொள்ளும். நடுக்கடலில் இன்ஜின் அடைத்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. படகில் கற்றதைப் புல்வெளிக்குக் கொண்டுவந்தேன், பழைய வண்டிகளின் ஜெட் அடைப்பு நின்றுபோனது. அந்த போர்டைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

செல்விக்கு அதை விளக்கவே வேண்டியிருக்கவில்லை. வீட்டுக்காரர் படகு வைத்திருப்பவர். போர்டைப் பார்த்ததும், "எங்க வூட்டாண்ட செய்யறதுதானே" என்று சிரித்தார். தனசேகர் மட்டும் அதை ஒருநாளும் மதித்ததில்லை. "டீசல் வண்டில லைன் காஞ்சா காத்து பூந்துடும் அண்ணாத்த. அப்பால அந்தக் காத்த வெளியேத்த ப்ளீட் பண்ணிகினு மண்டைய ஒடச்சிக்கணும். எனுக்கு அந்தப் பேஜாரே வேணாம், சாவிய திருப்பி நிறுத்திட்டுப் போயிகினே இருப்பேன்" என்பார். அதற்காக அவரைப் பல தடவை திட்டியிருக்கிறேன்.

புது வண்டிகள் வந்தபோது அந்த போர்டு அங்கேயே தொங்கியது. புது வண்டியிலும் டேங்குக்குக் கீழே காக் இருந்தது. ஃபில்டர் மாற்றும்போது மூடுவதற்காக வைத்தது அது.

4. லேப்டாப் சொன்னது

முதல் இரண்டு வாரம் இரண்டாம் நம்பர்தான் கில்லாடி. புல் அடர்த்தியாக இருந்த இடத்திலும் சத்தம் மாறாமல் இழுத்தது. மூன்றாம் வாரம் செல்வி சொன்னார், "அண்ணா, காலைல நாலு தடவ சாவி திருப்பினாத்தான் இத்து ஸ்டார்ட் ஆவுது."

"புது வண்டி அப்படித்தான் இருக்கும். கம்ப்யூட்டர் முழிக்க வேணாமா?" என்றேன். எனக்கே தெரியாததை அவ்வளவு தைரியமாகச் சொன்னேன்.

அதன் பிறகு வண்டி நடுவழியில் நிற்க ஆரம்பித்தது. ஒன்றாம் நம்பர் ஒருநாளும் நிற்கவில்லை. நான் ரிப்போர்ட்டை மனதுக்குள் எழுதியே விட்டேன்: போர்ட் இஞ்செக்‌ஷன் நுட்பமானது, கடற்கரைக்கு ஒத்துவராது. த்ராட்டில் பாடியே நமக்குச் சரி. கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது.

கல்யாண வரவேற்புக்கு மறுநாள் டீலரின் சர்வீஸ் இன்ஜினியர் சென்னையிலிருந்து வந்தார். இரண்டாம் நம்பரில் ஒயரைச் சொருகி, லேப்டாப்பைப் பார்த்தார். பம்பைக் கழற்றிக் கையில் வைத்துச் சுற்றிப் பார்த்தார். ஷெட்டில் நான், பிரதீப் சார், அவர் மூன்று பேர்தான். செல்வி வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார்.

"சார், ஃப்யூயல் பிரஷர் கம்மின்னு நிறைய தடவை எரர் கோட் விழுந்திருக்கு. பம்பு டிரையா ஓடி சூடாயிருக்கு. அதாவது, பெட்ரோல் இல்லாம வண்டிய ஓட்டியிருக்காங்க. இது மேனுஃபாக்சரிங் டிஃபெக்ட் கிடையாது" என்றார்.

பிரதீப் சார் என் பக்கம் திரும்பினார். "டெய்லி காலையில டேங்க் ஃபுல் பண்ணித்தானே குடுக்கறீங்க?"

"ஆமா சார்."

"அப்ப பெட்ரோல் எங்க போச்சு?"

பிரதீப் சார் வெளியே மரத்தடியைப் பார்த்தார். அவரே கேட்டார், "அந்தம்மா வீட்டுக்காரர் என்ன பண்றார்?"

"போட் வெச்சிருக்கார் சார்" என்றேன்.

சொன்னது உண்மைதான். ஆனால் சொல்லும்போதே அது எங்கே போய் விழும் என்று எனக்குத் தெரியும். படகு இன்ஜினுக்கும் பெட்ரோல் வேண்டும். வண்டி நின்ற மூன்று முறையும் டேங்கைத் திறந்து பார்த்தவன் நான், மூன்று முறையும் உள்ளே பெட்ரோல் இருந்தது. அந்த ஒரு வாக்கியத்தை நான் அங்கே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அடுத்த கேள்வி, அப்புறம் பம்பு எப்படிக் காய்ந்தது என்பது. அதற்கு மெக்கானிக்கிடம் பதில் இல்லை. பதில் இல்லாத மெக்கானிக்காக நிற்க எனக்கு மனம் வரவில்லை. வாயை மூடிக்கொண்டேன்.

5. தண்ணீர் பாட்டில்

அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு ஸ்டாஃப் கேட்டில் வரிசை. லாண்டரி, கிச்சன், ஹவுஸ் கீப்பிங், தோட்டம் என்று நாற்பது பேருக்குக் குறையாது. செக்யூரிட்டி வழக்கமாகப் பையை மேலாகத் தொட்டுவிட்டு அனுப்பிவிடுவார். செல்வியை மட்டும் தனியாக நிறுத்தினார். சாப்பாட்டுப் பையைக் கவிழ்த்தார். டிபன் பாக்ஸைத் திறந்தார். பிறகு தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகி, மூக்கில் வைத்து மோந்து பார்த்தார்.

வரிசையில் ஒருத்தர் சிரித்தார். ஏன் மோந்து பார்க்கிறார் என்று இன்னொருத்தர் கேட்டார். மூன்றாவது ஆளுக்கு விஷயம் தெரிந்திருந்தது. இவ்வளவுதான், ஸ்டாஃப் பஸ் தேவனேரி போய்ச் சேர்வதற்குள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

நான் ஆறேழு பேருக்குப் பின்னால் நின்றிருந்தேன். செல்வி திரும்பி என்னைப் பார்த்தார். நான் செல்போனை எடுத்துப் பார்ப்பது போல் குனிந்துகொண்டேன்.

மறுநாள் காலை உத்தரவு வந்தது. திங்கள்கிழமையிலிருந்து செல்வி திரும்பவும் லாண்டரி. அதுவரைக்கும், மாற்று ஆள் வரும் வரை, வண்டியை ஓட்டலாம். செல்வி ஷெட்டுக்கு வந்து என்னிடம் ஒரே ஒரு விஷயம் சொன்னார். "லாண்டரி வேலைக்குப் போவ மாட்டேண்ணா. காலு தாங்காது. வேலைய வுட்டுட்டுப் போறேன். ஆனா திருடின்னு பேர வெச்சிகினு போவ மாட்டேன். நான் எடுக்கல. அத்த மட்டும் நீ நம்பு."

"நம்பறேன் செல்வி" என்றேன். நம்பினேன்தான். நம்பி யாருக்கு என்ன பிரயோஜனம்?

6. காக்

இன்ஜினியர் புது பம்பு மாட்டிவிட்டுப் போயிருந்தார். அதன் சத்தம் எப்படி இருக்கிறது என்று கேட்க, சனிக்கிழமை நாலரை மணிக்கு ஷெட்டுக்குப் போனேன். அந்த நேரத்தில் வழக்கமாக நான் ஜெனரேட்டர் அறையில் இருப்பேன், அதனால் வண்டிகள் உள்ளே வந்து நிற்பதைப் பார்த்ததில்லை. தனசேகர் ஒன்றாம் நம்பரை உள்ளே விட்டு, சாவியைத் திருப்பி, நாஸ்தா பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்து செல்வி வந்தார். வண்டியை நிறுத்தினார், இன்ஜினை அணைக்கவில்லை. கீழே குனிந்து காக்கைத் திருப்பி மூடினார். கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

சற்று நேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு பம்பு முனக ஆரம்பித்தது. முனகல் ஏறி ஏறி, ஊ என்று இழுத்தது. இன்ஜின் இரண்டு தடவை தும்மிவிட்டு நின்றது.

"இன்னா பண்ற நீ?" என்று கத்தினேன்.

"இன்னா பண்றேன்? நீ சொன்னதத்தான் பண்றேன்." சுவரில் இருந்த போர்டைக் காட்டினார். "டெய்லி பண்றேன். வந்த நாள்லேந்து. ஒருநாள் வுட்டதில்ல."

போர்டைப் பார்த்தேன். கண்டிப்பு. மூர்த்தி.

டேங்கில் பெட்ரோல் இருக்கும், பம்புக்கு வராது. தினமும் வேலை முடியும்போது சூடான பம்பை ஈரமில்லாமல் ஓடவைத்து அரைத்திருக்கிறோம். காலையில் குழாய் முழுக்கக் காற்று. நாலு தடவை சாவி திருப்பினால்தான் அது வெளியேறும். தேய்ந்த பம்பு பத்தரை மணி வெயிலில் சுணங்கி நிற்கும், ஆறியதும் ஓடும். கார்புரேட்டரைக் காப்பாற்றின அதே பழக்கம் இஞ்செக்‌ஷனைக் கொன்றது. என் பேச்சைக் கேட்ட செல்வியின் வண்டி கெட்டது. என் பேச்சைக் கேட்காத தனசேகரின் வண்டி நன்றாக ஓடியது. நான் ஒன்றரை மாதமாக ஒப்பிட்டது இரண்டு இஞ்செக்‌ஷன்களை அல்லவே அல்ல, ஒரு படகு வீட்டுப் பழக்கத்தையும் ஒரு டிராக்டர் வீட்டுப் பழக்கத்தையும்.

செல்வியிடம் சொன்னேன். போர்டைப் பார்த்தபடியே கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார், "மெஷினுக்கு ஒயரு சொருகி கேட்டீங்க. மூணு பேரு நின்னுகினு கேட்டீங்க. நான் அங்கதான மரத்தடில நின்னுகினு இருந்தேன். சாயந்தரம் எப்டி நிறுத்தறன்னு என்னாண்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

7. ரிப்போர்ட்டும் கேட்டும்

அப்போதே பிரதீப் சார் அறைக்குப் போனேன். போர்டையும் கழற்றி எடுத்துக்கொண்டு போனேன். டேங்கில் பெட்ரோல் இருந்ததைப் பார்த்தும் சொல்லாமல் இருந்ததையும் சேர்த்தே சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"உங்ககிட்ட இத எதிர்பார்க்கல மூர்த்தி. சரி, அந்தம்மா வண்டியிலயே இருக்கட்டும். லாண்டரி ஆர்டர கேன்சல் பண்ணிடறேன். உங்களுக்கு ஒரு மெமோ வரும், வாங்கிக்கோங்க. இத இதோட விட்டுடலாம், பெருசு பண்ண வேணாம்" என்றார்.

மெமோ வந்தது. பத்தொன்பது வருடத்தில் ஒரே ஒரு மெமோ. அதில் எனக்கு வருத்தம் இல்லை, நியாயமான மெமோ.

ரிப்போர்ட் விஷயத்தை இங்கேயே முடித்துவிடுகிறேன். சோதனையை முதலிலிருந்து ஆரம்பித்தேன். இரண்டு வண்டியின் காக்கையும் மூட முடியாதபடி கம்பி போட்டுக் கட்டினேன். ஓட்டுகிறவர்களை வாரா வாரம் மாற்றி உட்காரவைத்தேன். இந்தத் தடவை இரண்டாம் நம்பர் ஒரு நாளும் நிற்கவில்லை. பெட்ரோல் அதற்குத்தான் குறைவாகச் செலவானது. ஈரப் புல்லில் இழுப்பும் அதற்குத்தான் அதிகம். ஒன்றாம் நம்பர் சளைத்ததில்லை. அதன் இஞ்செக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்வது சுலபம், கையில் கருவி குறைவாக இருக்கும் சின்ன இடங்களுக்கு அதுவே நல்லது என்றும் எழுதினேன். ரிசார்ட் போர்ட் இஞ்செக்‌ஷன் வண்டிகளையே வாங்கியது. ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில், முதல் சோதனை தப்பு, தப்பு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இதைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வண்டி மாறினால் பழைய விதிகளை ஒவ்வொன்றாக எடுத்து, இது ஏன் வந்தது, இன்னும் தேவையா என்று பாருங்கள். வண்டி நின்றால், லேப்டாப்பைத் திறப்பதற்கு முன்னால் ஓட்டுகிறவரிடம் கேளுங்கள். அவர் சொல்லும்போது நடுவில் புகுந்து, புது வண்டி அப்படித்தான் என்று அளக்காதீர்கள்.

இனி அந்த சனிக்கிழமைக்கு வருகிறேன். மேனேஜர் அறையிலிருந்து ஷெட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்து, "செல்வி, எல்லாம் சரியாயிடுச்சு. லாண்டரி கேன்சல். வண்டி உனக்குத்தான்" என்றேன். அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

செல்வி பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார். "மேனேஜர் ரூமுல கதவ சாத்திகினு சொன்னியாண்ணா?"

"ஆமா. ஏன்?"

"கேட்டுல எம் பாட்டில மோந்து பாத்தானே, அப்ப நின்னுகினு இருந்தவங்க அல்லாரும் மேனேஜர் ரூமுலயா இருந்தாங்க?"

மணி ஐந்தாகப் பத்து நிமிடம் இருந்தது. செல்வி கேட்டை நோக்கி நடந்தார். நான் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். என்னைவிட வயதில் சின்னவர்கள், என்னை அண்ணாத்த என்று மரியாதையாகக் கூப்பிடுகிறவர்கள், நான் திட்டி வேலை வாங்கியவர்கள் எல்லாரும் அந்த வரிசையில் இருப்பார்கள். மெமோவை வாங்கிப் பையில் மடித்து வைத்துக்கொள்ளலாம். இது அப்படி மடிக்கிற சமாச்சாரம் இல்லை.

போனேன். வரிசை அப்போதுதான் நகர ஆரம்பித்திருந்தது. செக்யூரிட்டியின் மேஜைக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"அல்லாரும் ஒரு நிமிஷம் நில்லுங்க" என்றேன். குரல் எனக்கே விநோதமாக இருந்தது. "ரெண்டாம் நம்பர் வண்டில பம்பு போனது என்னால. காக்க மூடி ஓடவுடுன்னு போர்டு எழுதி மாட்டினது நான். அந்த வண்டிக்கு அது ஆவாது, எனுக்குத் தெரியல. செல்வி நான் சொன்னதத்தான் செஞ்சாங்க. பெட்ரோல் எங்கயும் போவல, டேங்க்லயேதான் இருந்துது. மூணு தடவ தொறந்து பாத்தவன் நான். பாத்துட்டு, சாராண்ட சொல்லாம வாய மூடிகினு இருந்தவனும் நான்தான். அவங்க மேல எந்தத் தப்பும் இல்ல."

முந்தாநாள் சிரித்த ஆள் காலால் மணலைக் கிளறிக்கொண்டிருந்தார். தனசேகர் மட்டும், "அண்ணாத்த" என்று ஏதோ ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டார். அவர் பேச்சை நடுவில் நிறுத்தியதை நான் அன்றுதான் பார்த்தேன்.

செல்வியின் முறை வந்தது. செக்யூரிட்டி பையைத் தொடவே இல்லை. "போம்மா, நீ போ" என்றார், தலையைக் குனிந்தபடி.

செல்வி போகவில்லை. பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தார். மூடியைத் திருகினார். அந்த மேஜைக்கு எதிரிலேயே நின்று, அண்ணாந்து, மிச்சமிருந்த தண்ணீர் முழுவதையும் குடித்தார். அவசரப்படவில்லை. நாற்பது பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். வெளியே ஸ்டாஃப் பஸ் ஹாரன் அடித்தது, யாரும் நகரவில்லை. குடித்து முடித்து மூடியைத் திருகிவிட்டு, புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"திங்கக்கெழம ரெண்டாம் நம்பர நாந்தான் எடுப்பேன்" என்றார்.

"எடும்மா" என்றேன்.